கொல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க்: எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் 22 வருடமாகச் செப்டிக் டேங்க் எடுக்க லாரி கூப்பிட்டதே இல்லை. அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். நாங்களும் நல்ல சேதி என்றுதான் நினைத்திருந்தோம். போன கோடையில் கழிவறையைப் புதுப்பிக்க மூடியைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அது டேங்கே இல்லை. சிமெண்ட் உறைகளை எட்டடி ஆழத்துக்கு இறக்கி மேலே கல் போட்டு மூடிய குழி. அடியில் தளம் கிடையாது. அத்தனை வருடமும் அது நிரம்பாமல் இருந்தது, உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்ததால்தான். அங்கிருந்து 25 அடியில் நாங்கள் குடித்து வளர்ந்த கொல்லைக் கிணறு.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கோலிஃபார்ம் கிருமி இருந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, வாசம் இல்லை, ருசியும் மாறவில்லை.

அப்புறம்தான் அண்ணனும் நானும் என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தோம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில், கிணற்றையோ அடிபம்பையோ நம்பியிருக்கிற எல்லா வீட்டுக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதனால் நாங்கள் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செப்டிக் டேங்க் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீரில் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவற்றை வடிகட்டுவது டேங்குக்கு வெளியே இருக்கிற மண். அதுவும் ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள மண். அதனால் எந்த ஏற்பாட்டை யார் சொன்னாலும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: வெளியே வருகிற தண்ணீர் எங்கே போகிறது, நிலத்தடி நீரைத் தொடும் முன் எத்தனை அடி உலர்ந்த மண்ணைக் கடக்கிறது?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்மையான பதில் கிடைக்கும். டெல்டாவில் அடைமழை பிடித்துவிட்டால் கிணற்றில் கயிறே வேண்டாம், குனிந்து மொண்டுவிடலாம் என்கிற அளவுக்கு நீர்மட்டம் ஏறிவிடும். சித்திரையில் பார்த்து முடிவு செய்த எட்டடிக் குழி, கார்த்திகையில் நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். அப்போது வடிகட்ட மண்ணே இல்லை. கழிவு நேராகத் தண்ணீரில் கலக்கிறது.

இருக்கிற குழியை அடிக்கடி எடுப்பது

அண்ணனின் முதல் யோசனை இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட்டு எடுத்துவிடலாம், செலவும் குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அடித்தளம் இல்லாத குழிக்கு இது உதவாது. லாரி எடுத்துப் போவது கசடை. மனிதக் கழிவில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. அது கரைந்த நிலையில் அன்றன்றே மண்ணுக்குள் இறங்கி, அங்கே நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்குப் போய்விடும். லாரி வரும்போது அது குழியிலேயே இருக்காது.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்தும் நடக்கும். குழி பொங்குகிறது என்று லாரி வரவழைத்து எடுப்பார்கள். இரண்டே நாளில் மறுபடி நிரம்பும். ஊற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் உள்ளே வருகிற வழியாகத்தான் மற்ற மாதங்களில் கழிவு வெளியே போகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றே இந்த யோசனையைக் கைவிட்டோம்.

இரட்டைக் குழி

தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முறை. சுலப் நிறுவனத்தின் பிந்தேஷ்வர் பதக் 1970களில் இருந்து நாடெங்கும் பரப்பியது. கழிவறைப் பேசினிலிருந்து வரும் குழாய் ஒரு கிளைப் பெட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு குழி நிரம்பும் வரை மற்றது மூடியிருக்கும். நிரம்பியதும் வழியை மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை இரண்டு வருடம் அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குள் கழிவு மட்கி, வாசமில்லாத கரும்பொடியாகிவிடும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளி கிராமத்தில் தானே குழிக்குள் இறங்கி அந்த எருவை அள்ளிக் காட்டினார். நன்றாக மட்கிய குழியில் பயப்பட ஒன்றுமில்லை என்று மக்களுக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தார்.

இந்த முறையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. செலவு குறைவு, லாரி வேண்டாம், வேறொரு மனிதர் நம் மலத்தை அள்ள வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில், களியும் நுண்மணலும் கலந்த மண்ணில், நீர்மட்டம் ஆழமாக இருக்கிற ஊரில் நான் இதைத்தான் கட்டுவேன். குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் மேலே இருந்தால், அப்படிப்பட்ட நுண்ணிய மண்ணில் கிணற்றுக்கு 3 மீட்டர் தூரமே போதும் என்று அரசுக் கையேடுகள் சொல்கின்றன. அந்த 2 மீட்டர் இல்லாவிட்டால் 10 மீட்டர் வேண்டும். பருமணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு மெல்லிய மணல் நிரப்ப வேண்டும்.

எங்கள் கொல்லையில் மழைக்காலத்தில் 2 மீட்டர் உலர்ந்த மண் கிடைக்காது. குழியைத் தரைக்கு மேலே எழுப்பிச் சுற்றிலும் மண் அணைத்துக் கட்டலாம்தான். ஆனால் இந்தக் குழிகளுக்குக் கை தண்ணீர் ஊற்றும் கழிவறைதான் பொருந்தும், ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் அளவில். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டோம். அதன் ஃப்ளஷ் பல மடங்கு தண்ணீரைக் கொட்டும். அதனால் இது எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இந்தத் தூரக் கணக்குகள் எல்லாம் கிருமியை மனதில் வைத்துப் போடப்பட்டவை. நைட்ரேட்டை மண் வடிகட்டாது. அது தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். தூரம் கூடினால் கலந்து நீர்த்துப் போகலாம், அவ்வளவுதான்.

இரண்டு அறை டேங்கும் உறிஞ்சு குழியும்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 என்ற தரம் சொல்கிற முறை. அடியும் சுவரும் ஒரு சொட்டுக்கூடக் கசியாத தொட்டி, நடுவில் தடுப்புச் சுவர், முதல் அறை பெரியது, உள்வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டி வடிவக் குழாய். 5 பேருக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதாக இருந்தால், உள்ளளவு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் போதும். எங்கள் கொத்தனார் இதைக் கேட்டு நம்பவில்லை. ஊரில் எல்லாரும் பத்தடிக்கு எட்டடி என்று அறை மாதிரிக் கட்டி, இனி பேரன் காலம் வரைக்கும் எடுக்க வேண்டாம் என்கிறார்கள். பெரிதாகக் கட்டுவதில் தவறில்லை, எடுக்காமல் விடுவதில்தான் தவறு. கசடு ஏற ஏற நீருக்கான இடம் குறைந்து, கசடே வெளியேறி, டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற உறிஞ்சு குழியை அடைத்துவிடும். அடைபட்ட உறிஞ்சு குழியை மீட்பது ரொம்பக் கஷ்டம், பெரும்பாலும் புதிதாகத்தான் தோண்ட வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் டேங்க் நன்றாக இருக்கிறது, ஆனால் வெளியேறும் குழாய் தெருச் சாக்கடையில் விடப்பட்டிருக்கிறது. சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் குளத்துக்குப் போகிறது. அந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டுகிறோம், பிள்ளைகள் நீந்துகிறார்கள். இது மனதை உறுத்துகிற விஷயம். வீட்டுக்காரர் செலவழித்துக் கட்டியிருக்கிறார், பாதியில் நிறுத்திவிட்டார்.

உறிஞ்சு குழி, கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. சுமார் 60 அடி. இதை அளக்கும்போது நம் கிணற்றோடு நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் அடிபம்பிலிருந்தும் அளக்க வேண்டும். நாங்கள் டேப் பிடித்து அளந்தபோது கொல்லைப் பக்கம் ஒரு இடமும் தேறவில்லை. வாசல் பக்கம், தெற்கு மூலையில் மட்டும் எழுபது அடி கிடைத்தது. அங்கேயும் ஆழமான குழி தோண்ட முடியாது, ஊற்றுக்குப் போய்விடும். எங்களைப் போன்ற இடத்துக்கு ஆழமற்ற நீளமான கால்வாய்தான் வழி. இரண்டடிக்குள் தோண்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் போட்டு மூடுவது. மேல்மண்ணில்தான் காற்று அதிகம், நுண்ணுயிர் அதிகம். கிருமி அங்கேதான் நன்றாகச் சாகும்.

செடிப் படுகை சேர்ப்பது

டேங்குக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு ஜல்லித் தொட்டி. அடியும் பக்கமும் சிமெண்ட் பூசி, இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, கல்வாழை, சம்பு, நாணல் நடுவது. டேங்கிலிருந்து வரும் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, வேர்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து, மறுமுனையில் வெளியேறும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இதே தத்துவத்தில் தன் கழிவுநீரைப் பல வருடமாகச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்துகிறது. ஆரோவில்லிலும் இத்தகைய படுகைகள் உண்டு.

மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். நாற்றமும் அழுக்கும் நன்றாகக் குறையும், கிருமியும் கணிசமாகக் குறையும். நைட்ரஜனில் ஒரு பங்கைக் குறைக்கும், முழுவதும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: தண்ணீர் எப்போதும் ஜல்லிக்குக் கீழேயே ஓட வேண்டும். மேலே தேங்கினால் கொசுப் பண்ணை ஆகிவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை செடியை வெட்ட வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை முன்பக்க ஜல்லியைக் கிளறிக் கழுவ வேண்டியிருக்கலாம். வீட்டில் இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் கட்டாதீர்கள்.

ரெடிமேட் டேங்கும் பயோ டைஜஸ்டரும்

கடைகளில் பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகள் கிடைக்கின்றன. ஒரே நாளில் இறக்கிவிடலாம், கசிவு கிடையாது. எங்கள் மாதிரி இடங்களில் இதற்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, விற்பவர்கள் பல பேர் சொல்வதில்லை. மழைக்காலத்தில் லாரி வைத்து உறிஞ்சினால், காலியான டேங்க் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் படகு மாதிரி மேலே எழும்பிவிடும். குழாய்கள் பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் உறவினர் வீட்டில் தரையையே தூக்கிவிட்டது. வாங்குவதாக இருந்தால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு சேர்த்துக் கட்டுங்கள், கோடையில் மட்டும் கசடு எடுங்கள்.

பயோ டைஜஸ்டர் என்பது பாக்டீரியாவை வைத்துக் கழிவைச் சிதைக்கிற தொட்டி. இந்திய ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. கடுங்குளிர்ப் பகுதிகளில் இருக்கும் படைவீரர்களுக்காக உருவாக்கியது, பிறகு ரயில்களில் வந்தது. கசடு குறைவாகச் சேரும் என்பது உண்மையான நன்மை. ஆனால் அதிலிருந்து வருவதும் அழுக்கு நீர்தான். அதற்கும் உறிஞ்சு கால்வாயோ செடிப் படுகையோ வேண்டும். அப்படியே தோட்டத்தில் விடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பொட்டலத்தில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேவையான நுண்ணுயிர் நம் கழிவிலேயே இருக்கிறது. பொடி போட்டால் டேங்க் எடுக்கவே வேண்டாம் என்பது பொய்.

நாங்கள் முடிவு செய்தது

சிமெண்டில் இரண்டு அறை டேங்க், அதன்பின் பதினைந்துக்கு ஆறு அடியில் செடிப் படுகை, கடைசியில் வாசல் பக்க வாழைகளுக்கு அடியில் ஆழமற்ற கால்வாய். வீட்டின் அடிமட்டம் தரையைவிட இரண்டரை அடி உயரம் என்பதால் தண்ணீர் தானாகவே சரிந்து ஓடுகிறது. குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரை டேங்கில் சேர்க்கவில்லை, அது தனியாகத் தென்னைக்குப் போகிறது. டேங்கில் தண்ணீர் குறைவாக வந்தால் கசடு படிய நேரம் கிடைக்கும். பழைய குழியில் இருந்ததை லாரியில் எடுத்துவிட்டு, சுண்ணாம்பு தூவி, மணல் போட்டு மூடினோம். பூச்சு முடிந்ததும் டேங்கை விளிம்பு வரை நிரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று கோடு கிழித்துப் பார்த்தோம். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், செலவே இல்லாதது.

பாறைப் பூமியில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, கோவைப் பக்கம் மேல்மண் மெல்லியது, அடியில் வெடிப்புள்ள பாறை. கழிவுநீர் ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டால் வடிகட்டல் ஏதுமின்றி வெகுதூரம் ஓடி யாருடைய போர்வெல்லிலோ வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் பூமியிலும் இதே சிக்கல்தான். அங்கெல்லாம் மேல்மண் எத்தனை அடி என்று பார்க்காமல் ஆழமாக உறிஞ்சு குழி வெட்டக் கூடாது. செடிப் படுகை இன்னும் அவசியம். கடற்கரை மணலில் தண்ணீர் வேகமாக இறங்கும், அங்கே தூரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

எதைக் கட்டினாலும் பராமரிப்பு உண்டு. ஒரு நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி டேங்கின் அடிவரை விட்டு எடுத்தால் கசடு ஏறியிருக்கும் உயரம் கறையாகத் தெரியும். கசடும் மேலாடையும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்துவிட வேண்டும். பொதுவாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். நாப்கின், டயப்பர், முடி, சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஆசிட்டைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றக்கூடாது. காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

கசடு எடுக்க ஆள் கூப்பிடும்போது ஒருவர், "லாரிக்குக் காத்திருக்க வேண்டாம் சார், இறங்கி எடுக்க ஆள் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். அண்ணன் அந்த நிமிடமே போனை வைத்துவிட்டார். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், பிராணவாயு இருக்காது. இறங்கியவர் கத்தக்கூட நேரமில்லாமல் விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நம் வீட்டு வசதிக்காக ஒருவர் உயிர் போக நாம் காரணமாகக் கூடாது. 14420 என்ற உதவி எண் இருக்கிறது, உள்ளாட்சி அலுவலகத்திலும் உரிமம் பெற்ற லாரிகளைக் கேட்டு வாங்கலாம்.

லாரி வந்ததும், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் இருப்பது போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் அங்கே படுகையில் வடித்து உலர்த்துவார்கள். இருட்டியபின் வாய்க்காலில் திறந்துவிட்டால், நாம் இத்தனை செலவு செய்து கட்டியதெல்லாம் வீண், அதே தண்ணீர் வேறு யாருடைய கிணற்றுக்கோ போகும்.

கிணற்றைப் பற்றி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும் அபாயம் உண்டு. அண்ணன் மகளுக்கு மாசியில் பிரசவம். அதனால் குடிக்க, சமைக்கக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீர்தான். மண்ணில் 22 வருடமாகச் சேர்ந்த நைட்ரேட் சீக்கிரம் கழுவிப் போகாது, பல வருடம் ஆகலாம். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அதே ஆய்வகத்துக்கு மறுபடி ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகிறோம், சித்தப்பா வீட்டு அடிபம்பிலிருந்தும் ஒன்று.